தோண்டக் கத்துக்குடுக்கறோம், பாத்துக்கக் கத்துக்குடுக்கறோமா?

தொல்லியல் படிக்க வர்ற பசங்ககிட்ட எதுக்கு இந்த பாடத்தை எடுத்தீங்கன்னு கேட்டா பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும், தோண்டணும். அதுல தப்பே இல்ல, மண்ணுக்குள்ள இருந்து ஒரு பானை ஓடு தலைய காட்டுற அந்த நிமிஷத்துக்காகத்தான் எங்கள்ல நிறைய பேர் இந்த துறைக்குள்ளயே வந்தோம். ஆனா பட்டம் வாங்கிட்டு வெளிய போற பசங்க அடுத்த இருபது வருஷம் என்ன வேலை செய்யப் போறாங்கன்னு பாத்தா அதுல தோண்டறது ஒரு சின்ன பங்குதான். ஒரு ரோடு வருது, அந்த வழியில பழங்கால மிச்சங்கள் புதைஞ்ச ஒரு மேடு இருக்கு, ரோட்டை திருப்பலாமா இல்ல மேட்டை தோண்டி எடுத்துட்டு ரோட்டை விடலாமான்னு ஒரு வாரத்துக்குள்ள கருத்து எழுதிக் குடுக்கணும். ஒரு ஸ்டோர் ரூம்ல பழைய பெட்டிகள் அடுக்கி கிடக்கு, லேபிள் அழிஞ்சு போச்சு, அதுல எது எந்த குழியில இருந்து வந்ததுன்னு கண்டுபிடிக்கணும். ஒரு கோட்டைக்கு வர்ற கூட்டம் வருஷா வருஷம் ஏறுது, படிக்கட்டு தேயுது, யாரை எந்தப் பக்கம் விடறதுன்னு முடிவு பண்ணணும். இதுக்கெல்லாம் யாரு அவங்களுக்கு சொல்லிக்குடுத்தா? பல இடத்துல யாருமே இல்ல.

ஒரு சிலபஸ் திருத்தற கூட்டத்துல உக்காந்திருந்தப்போ இது எனக்கு ரொம்ப உறைச்சுது. வரலாற்றுக்கு முந்தைய காலம், கல்வெட்டு, நாணயம், கலை வரலாறு, கள முறைகள் எல்லாத்துக்கும் தனித்தனி பேப்பர், அதுக்கெல்லாம் மணிக்கணக்கா வாதம் நடந்துச்சு. பழைய இடங்களையும் பொருள்களையும் பாத்துக்கற ஹெரிடேஜ் மேனேஜ்மென்ட்னு (மரபு மேலாண்மைன்னு) வந்ததும் கடைசி செமஸ்டர்ல ஒரு எலக்டிவா போட்டுடலாம்னு ரெண்டு நிமிஷத்துல முடிஞ்சுது. அந்த எலக்டிவ்லயும் என்ன இருக்கும்? எந்த சட்டம் எந்த வருஷம், எந்த மாநாட்டு உடன்படிக்கை எந்த ஊர்ல கையெழுத்தாச்சு, யுனெஸ்கோ பட்டியல்ல சேர எத்தனை அளவுகோல். மனப்பாடம் பண்ணி எழுதிட்டு போயிடுவாங்க. நிஜமா ஒரு இடத்தை கையில குடுத்து இதை பாத்துக்கோன்னு சொன்னா என்ன செய்யணும்னு அந்த பேப்பர் சொல்லிக்குடுக்காது.

இத்தனைக்கும் இதை யாரும் யோசிக்காம விட்டுடல. நினைவுச்சின்னங்களுக்கான சர்வதேச அமைப்பான இகோமாஸ் 1990ல சுவிட்சர்லாந்தோட லொசான்ல ஏத்துக்கிட்ட தொல்லியல் மரபு பாதுகாப்பு, மேலாண்மை சாசனத்துல எட்டாவது பிரிவே இதுக்காகத்தான் இருக்கு. தகுதியான ஆட்களை போதுமான அளவு உருவாக்கறது ஒவ்வொரு நாட்டோட கல்விக் கொள்கையிலயும் முக்கியமான குறிக்கோளா இருக்கணும், தோண்டறதுல இருந்து இருக்கற இடத்துலயே பாதுகாக்கறதுக்கு கொள்கை மாறியிருக்கறதை பல்கலைக்கழக பயிற்சி கணக்குல எடுத்துக்கணும், பெரிய நினைவுச்சின்னங்களை படிக்கற அளவுக்கு பழங்குடி மக்களோட வரலாற்றையும் படிக்கணும், பாதுகாப்பையும் மேலாண்மையையும் முன்னிறுத்தற முதுநிலை படிப்புகள் உருவாகணும்னு அதுல இருக்கு. அதுக்கும் முன்னாடியே 1956ல யுனெஸ்கோ டெல்லி கூட்டத்துல ஏத்துக்கிட்ட அகழாய்வு பத்தின பரிந்துரையில, சில இடங்களை தொடாமலே விட்டு வைங்க, பெரிய இடமா இருந்தா அதுக்குள்ள ஒரு பகுதியை சாட்சியா தோண்டாம விடுங்க, பின்னாடி வர்றவங்களுக்கு இன்னும் நல்ல தொழில்நுட்பமும் அறிவும் இருக்கும்னு எழுதி வச்சிருக்காங்க. எழுதினதெல்லாம் வகுப்பறைக்குள்ள வரவேண்டிய வேகத்துல வரல, அவ்வளவுதான் என் ஆதங்கம்.

எனக்கு இந்த விஷயத்துல ஒரே ஒரு கருத்துதான். ஹெரிடேஜ் மேனேஜ்மென்ட்ங்கறது தொல்லியல் படிச்சு முடிச்சதுக்கப்புறம் மேல ஒட்டற ஒரு கூடுதல் பேப்பர் கிடையாது. முதல் வருஷத்துல இருந்தே தொல்லியலை எப்படி சொல்லிக்குடுக்கறோமோ அதுக்குள்ளயே அது இருக்கணும். ஏன்னா ஒவ்வொரு குழியும் ஒரு முடிவு, திருப்பி எடுக்க முடியாத முடிவு. ஒரு மண்ணடுக்கை ஒரு தடவைதான் தோண்ட முடியும், தோண்டினதுக்கப்புறம் அது நம்ம நோட்டுலயும் போட்டோவுலயும் வரைபடத்துலயும் மட்டும்தான் இருக்கும், அந்த நோட்டும் தொலைஞ்சுதுன்னா எங்கயும் இருக்காது. சீனாவுல 1974ல கண்டுபிடிச்ச சுடுமண் படை வீரர்கள் மேல முதல்ல நல்ல வண்ணம் இருந்துச்சு, வெளிக்காத்து பட்ட சில நிமிஷத்துலயே அடியில இருந்த அரக்கு பூச்சு சுருண்டு வண்ணத்தோட உதிர ஆரம்பிச்சுது. அந்த படையை புதைக்க வச்ச பேரரசரோட கல்லறை மேட்டை இன்னைக்கு வரைக்கும் தோண்டாம வச்சிருக்காங்க. உள்ள என்ன இருக்குன்னு தெரிஞ்சுக்க ஆசை இல்லாமயா? எடுத்தா காப்பாத்த முடியுமாங்கற கேள்விக்கு பதில் இல்லாததாலதான். இந்த காத்திருக்கறதும் ஒரு தொழில் திறமைதான்னு நான் நம்பறேன், அதையும் சொல்லிக்குடுக்கணும்.

வகுப்புல எனக்கு ரொம்ப பிடிச்ச உதாரணம் லேடோலி. தான்சானியாவுல எரிமலை சாம்பல் மேல ஏறத்தாழ 36 லட்சம் வருஷத்துக்கு முன்னாடி ரெண்டு கால்ல நடந்து போனவங்களோட காலடித் தடங்கள், தொல்மானுடவியலாளர் மேரி லீக்கியோட குழு 1978லயும் 1979லயும் வெளிய கொண்டு வந்தாங்க. மனித பரிணாமம் பத்தி பேசற எந்த புத்தகத்துலயும் அது இருக்கும். ஆனா நம்ம பசங்க படிக்கறது அங்கயே நின்னுடுது, தடம் கிடைச்சுது, எவ்வளவு பழசு, என்ன தெரிய வந்துச்சு, முடிஞ்சுது. அதுக்கப்புறம் நடந்ததுதான் மேலாண்மை பாடம். அந்த தடத்தை அப்படியே வெட்டவெளியில விட முடியாதுன்னு ஆத்து மணலை போட்டு மூடி, மேல எரிமலை பாறைங்களை அடுக்கி வச்சுட்டு போனாங்க, அந்த நேரத்துக்கு அது நல்ல முடிவுதான். ஆனா அந்த மணல்ல அகேசியா விதைங்க இருந்துச்சு. மேல இருந்த பாறைங்க அந்த செடிகளுக்கு நல்ல பாதுகாப்பா போச்சு, கொஞ்ச வருஷத்துல மரமே வளந்து நிக்குது, வேர் கீழ தடத்தை நோக்கி இறங்குது.

அப்புறம் 1990கள்ல அமெரிக்காவோட கெட்டி கன்சர்வேஷன் இன்ஸ்டிட்யூட்டும் தான்சானியாவோட தொல்பொருள் துறையும் சேந்து மறுபடியும் பிரிச்சாங்க. மரத்தை வெட்டி, வேர் திரும்ப முளைக்காம பாத்து, தடத்துக்குள்ள போன வேரை ஒவ்வொண்ணா எடுத்து, பதிவு பண்ணி, திரும்ப மூடினாங்க, ஆனா இந்த தடவை விதை இல்லாம சலிச்ச மணல், நடுவுல ஜியோடெக்ஸ்டைல்ங்கற தண்ணி விடற செயற்கைத் துணி, வேரை தடுக்கற ஒரு தடுப்பு, எல்லாத்துக்கும் மேல பாறை. பக்கத்துல வாழற மாசாய் மக்கள்கிட்ட போய் பேசினாங்க, ஏன்னா அந்த மண்ணுல தினமும் நடக்கறவங்க அவங்கதான், அவங்க மனசு வைக்காம எந்த மூடியும் நிக்காது. அதுக்கப்புறம் செடி முளைக்குதான்னு பாத்து பிடுங்கறது தொடர்ந்து செய்ய வேண்டிய வேலை.

இந்த ஒரு கதையை மூணு வாரம் எடுக்கலாம். மணல் எங்க இருந்து வந்துச்சு, விதை பத்தி யாராவது ஒரு தாவரவியல்காரரை கேட்டிருந்தா என்ன ஆகியிருக்கும், மூடினதுக்கப்புறம் வருஷத்துக்கு ஒரு தடவை போய் பாக்க யாருக்கு பொறுப்பு இருந்துச்சு, அதுக்கு பணம் எந்த கணக்குல இருந்து வரணும், தடத்தை வெட்டி மியூசியத்துக்கு கொண்டு போகலாமா, மேல ஒரு கட்டடம் கட்டி மக்களுக்கு காட்டலாமா, அந்த கட்டடத்துக்கு கரண்ட் யாரு குடுப்பா, பத்து வருஷம் கழிச்சு கூரை ஒழுகினா யாரு போவா. கேள்வி கேள்வியா போட்டு பசங்களை ரெண்டு பக்கமா பிரிச்சு வாதாட விட்டா, வகுப்பு முடிஞ்சதுக்கப்புறமும் வராண்டாவுல நின்னு சண்டை போடுவாங்க. அந்த சண்டையில கத்துக்கறது எந்த பாடப்புத்தகத்துலயும் இல்லாதது, ஒரு இடத்தை தொட்டா அதோட நாம முடிச்சு போட்டுக்கறோம், அது விடாதுன்னு அவங்களுக்கே புரியும்.

இத்தாலியில எரிமலை வெடிச்சு புதைஞ்சு போன ரோமானிய ஊர் பொம்பேயும் அப்படித்தான். 1748ல இருந்து தோண்டிட்டு இருக்காங்க, ஊர்ல ஏறத்தாழ மூணுல ஒரு பங்கு இன்னும் மண்ணுக்குள்ள இருக்கு. 2010 நவம்பர்ல கிளாடியேட்டர்ங்கற ரோமானிய அரங்கச் சண்டை வீரர்களோட தொடர்புள்ள கட்டடம் ஒண்ணு மழையில சரிஞ்சு விழுந்துச்சு. ரெண்டாம் உலகப்போர் குண்டுவீச்சுல அடிபட்டு அப்புறம் கான்கிரீட் வச்சு திரும்ப கட்டின கட்டடம் அது. பின்னாடி 10.5 கோடி யூரோவுல ஒரு பெரிய திட்டம் போட வேண்டியதா போச்சு. பக்கத்துல ஹெர்குலேனியம்ங்கற இன்னொரு ரோமானிய ஊர்ல 2001ல தொடங்கின பாதுகாப்பு திட்டம் வேற மாதிரி யோசிச்சுது, அங்க ஆர்க்கிடெக்ட், இன்ஜினியர், கன்சர்வேட்டர், தொல்லியலாளர் எல்லாரும் ஒரே டீம்ல உக்காந்தாங்க, மழைத்தண்ணி எங்க போகுது, கூரை எங்க ஒழுகுதுங்கற மாதிரி சாதாரண கேள்விகள்ல இருந்து ஆரம்பிச்சாங்க, ரோமானியர்கள் கட்டின பழைய சாக்கடை வழியையே திரும்ப திறந்து தண்ணிய வடிய விட்டாங்க. பராமரிப்புங்கற வேலையில பேர் கிடைக்காது, பேப்பர்ல போட்டோ வராது, ஆனா ஒரு தொல்லியல் இடம் உயிரோட இருக்கறது அதாலதான். ஒரு மாணவர் பட்டம் வாங்கறதுக்குள்ள ஒரு தடவையாவது ஒரு பராமரிப்பு அட்டவணை போட்டிருக்கணும், மாசத்துக்கு என்ன, வருஷத்துக்கு என்ன, மழைக்கு முன்னாடி என்ன, மழைக்கு பின்னாடி என்னன்னு.

சட்டமும் பணமும் எப்படி வேலை செய்யுதுங்கறதை கொஞ்சம் விளக்கமா சொல்லணும், ஏன்னா வேலைவாய்ப்பு முழுக்க அங்கதான் இருக்கு. அமெரிக்காவுல 1966ல தேசிய வரலாற்றுப் பாதுகாப்பு சட்டம் வந்துச்சு, அதோட 106வது பிரிவு, மத்திய அரசோட பணமோ அனுமதியோ இருக்கற எந்த திட்டமா இருந்தாலும் வரலாற்று இடங்களுக்கு என்ன பாதிப்புன்னு முன்கூட்டியே பாக்க சொல்லுது. லண்டன்ல 1989ல ஒரு ஆபீஸ் கட்டடத்துக்கு தோண்டறப்போ 1587ல கட்டின ரோஸ் நாடக அரங்கோட மிச்சம் கிடைச்சு, நடிகர்கள் எல்லாம் வந்து நின்னு போராடி பெரிய சர்ச்சையாச்சு, அடுத்த வருஷமே இங்கிலாந்துல கட்டட அனுமதிக்கும் தொல்லியலுக்கும் முடிச்சு போடற வழிகாட்டு நெறி வந்துச்சு. 1992ல ஐரோப்பிய நாடுகள் மால்டாவோட வாலெட்டா நகர்ல போட்ட ஒப்பந்தத்துல ஆறாவது பிரிவு, திட்டத்தால தேவைப்படற தொல்லியல் வேலையோட செலவை அந்த திட்டத்தை செய்யறவங்க ஏத்துக்கறதுக்கு ஏற்பாடு பண்ணணும்னு சொல்லுது. பிரான்ஸ் 2001ல கட்டடம் வர்றதுக்கு முன்னாடியே தோண்டி பதிவு பண்ற தடுப்பு அகழாய்வுக்குன்னே தனி சட்டம் போட்டு அதுக்கு ஒரு தேசிய நிறுவனத்தையே உருவாக்கிடுச்சு.

இதோட விளைவு என்னன்னா இந்த நாடுகள்ல தோண்டறது பெரும்பாலும் ஆராய்ச்சி கேள்விக்காக இல்ல, கட்டடம் வர்றதால. யாரு பணம் குடுக்கறாங்களோ அவங்களுக்கு வேலை சீக்கிரம் முடியணும், தொல்லியலாளருக்கு ஒழுங்கா முடியணும். இந்த இழுபறிக்கு நடுவுல நிக்கப் போறது இருபத்தி மூணு வயசு பையனோ பொண்ணோதான். அவங்களுக்கு ஒரு கட்டட வரைபடத்தை படிக்க தெரியணும், அஸ்திவாரம் எவ்வளவு ஆழம் போகுதுன்னு பாத்து அஸ்திவாரத் தூண் (பைல்) இறக்கற இடத்தை கொஞ்சம் தள்ளி வச்சா கீழ இருக்கற சுவர் தப்பிக்கும்னு இன்ஜினியர்கிட்ட அவரோட பாஷையில பேச தெரியணும், எத்தனை ஆள் எத்தனை நாள் எவ்வளவு செலவுன்னு கணக்கு போட தெரியணும், தோண்டற செலவோட நிக்காம அதுக்கப்புறம் கழுவி, ஆய்வு பண்ணி, எழுதி, பெட்டியில வச்சு பாதுகாக்கற செலவையும் சேத்து போட தெரியணும். அதுக்கும் மேல, பணம் குடுக்கறவரு ரிப்போர்ட்ல ஒரு வரியை மாத்த சொன்னா முடியாதுன்னு மரியாதையா சொல்றதுக்கு முதுகெலும்பு வேணும். கடைசி விஷயத்தை பாடமா எடுக்க முடியாதுன்னு சிலர் சொல்வாங்க, எடுக்க முடியும். அப்படி ஒரு நிலைமையை வகுப்புல உருவாக்கி, முன்னாடி உக்கார வச்சு, நிஜமாவே அழுத்தம் குடுத்து பேச வச்சா, முதல் தடவை தடுமாறுவாங்க, ரெண்டாவது தடவை வார்த்தை வரும்.

மக்கள் பத்தின பகுதிக்கு வர்றேன், இதுதான் எனக்கு நெஞ்சுக்கு நெருக்கமானது. நியூயார்க்ல மன்ஹாட்டன்ல 1991ல 34 மாடி அரசு கட்டடத்துக்கு தோண்டறாங்க. பழைய வரைபடத்துல அந்த இடம் ஆப்பிரிக்க மக்களோட இடுகாடுன்னு தெளிவா இருக்கு. ஆனா பின்னாடி கட்டின வீடுகளோட நிலவறைங்க அதையெல்லாம் அழிச்சிருக்கும்னு முன் மதிப்பீட்டுல முடிவு பண்ணிட்டாங்க. பள்ளமா இருந்த இடத்துல பல அடி உயரத்துக்கு மண் கொட்டி மேடாக்கியிருக்காங்க, அதுக்கு கீழ எல்லாம் அப்படியே இருந்துச்சு. அடிமைகளா கொண்டு வரப்பட்டவங்க, அவங்க பிள்ளைங்க, 419 பேரோட எலும்புகள் வெளிய வந்துச்சு. மொத்தமா அந்த இடுகாட்டுல ஏறத்தாழ 15,000 பேரை புதைச்சிருக்கலாம்னு மதிப்பிடறாங்க. அவங்க வழித்தோன்றல்களா தங்களை பாக்கற மக்கள் தெருவுல இறங்கி, எங்க முன்னோரை எங்களை கேக்காம தோண்டறீங்களான்னு கேட்டாங்க. போராட்டத்தால அந்த பகுதியில வேலை நின்னுச்சு. ஆய்வு ஹோவார்ட் பல்கலைக்கழகத்துக்கு போச்சு, மானுடவியலாளர் மைக்கேல் பிளேக்கி தலைமையில, என்ன கேள்வியை ஆராயணும்னே அந்த மக்களோட பேசி முடிவு பண்ணினாங்க. இவங்க எங்க இருந்து வந்தாங்க, எப்படி வாழ்ந்தாங்க, எப்படி மாறினாங்க, எப்படி எதிர்த்து நின்னாங்கன்னு. 2003ல எல்லாரையும் மரியாதையோட திரும்ப அங்கயே அடக்கம் பண்ணினாங்க, 2006ல அது தேசிய நினைவுச்சின்னமாச்சு.

இதுல ஒரு தொல்லியல் மாணவர் கவனிக்க வேண்டியது ரெண்டு இருக்கு. முதல் கட்ட மதிப்பீட்டுல ஒரு அனுமானம் எவ்வளவு பெரிய விளைவை கொண்டு வந்துச்சுங்கறது ஒண்ணு, அந்த மதிப்பீட்டை எழுதறது பெரும்பாலும் புதுசா வேலைக்கு சேந்தவங்கதான். ரெண்டாவது, மக்களை உள்ள கொண்டு வந்ததால ஆராய்ச்சி தரம் குறையல, ஏறிச்சு. மக்கள் கலந்துரையாடல்னா மைக் பிடிச்சு நாம பேசி அவங்க கேக்கறதுன்னு நினைக்கற டெபார்ட்மென்ட்கள் இதை ஒரு தடவை முழுசா படிக்கணும்.

இதுக்கு நேர் எதிரா ஒண்ணு. ஆஸ்திரேலியாவுல ஜூகன் பள்ளத்தாக்கு. அங்க இருந்த பாறை குகைகள்ல மனுஷங்க 46,000 வருஷத்துக்கு முன்னாடியே இருந்ததுக்கு சான்று, 2014ல நடந்த அகழாய்வுல 4,000 வருஷ பழமையான பின்னின தலைமுடி கூட கிடைச்சுது, அந்த மண்ணோட சொந்தக்காரங்களான மக்களோட மரபணு தொடர்பும் தெரிஞ்சுது. இவ்வளவும் தெரிஞ்சும் 2020 மே மாசம் ரியோ டின்டோங்கற சுரங்க நிறுவனம் தன்னோட சுரங்கத்துக்காக அதை வெடி வச்சு தகர்த்துச்சு. சட்டப்படி அவங்ககிட்ட அனுமதி இருந்துச்சு, 1972ம் வருஷ மாநில சட்டத்துல, புது சான்று கிடைச்சா அந்த அனுமதியை மறுபடி பரிசீலிக்க சொல்லி அந்த மக்கள் கேக்கறதுக்கு அப்போ வழியே இல்லாம இருந்துச்சு. தொல்லியலாளர்கள் அவங்க வேலையை நல்லாத்தான் செஞ்சிருந்தாங்க, ரிப்போர்ட் இருந்துச்சு. அந்த ரிப்போர்ட்ல இருந்த விஷயம் முடிவு எடுக்கற மேஜைக்கு போய் சேரல. நல்லா தோண்டி நல்லா எழுதினா போதும்னு நம்ம பசங்களுக்கு சொல்லிக்குடுக்கறோம்ல, போதாதுன்னு இந்த ஒரு இடமே சொல்லுது. கண்டுபிடிச்ச விஷயத்தை யாருகிட்ட, எப்போ, எந்த வடிவத்துல கொண்டு சேக்கணும்ங்கறதும் தொல்லியல் வேலைதான்.

சரி, குறை சொல்லிட்டே இருந்தா ஆச்சா, நான் ஒரு டெபார்ட்மென்ட்டை நடத்தினா எப்படி செய்வேன்னு சொல்றேன். ஒரே ஒரு இடத்தை எடுத்துக்குவேன், பக்கத்துல இருக்கற, பெரிய பேர் இல்லாத ஒரு இடம், மாணவர்கள் சேந்த நாள்ல இருந்து பட்டம் வாங்கற வரைக்கும் அந்த இடம் அவங்க கூடவே வரும். முதல் வருஷம் தோண்டவே கூடாது. அந்த இடத்துக்கு என்ன முக்கியத்துவம், யாருக்கு முக்கியம், ஏன்னு எழுதணும். மரபு இடங்களை பாதுகாக்கறதுக்கான ஆஸ்திரேலியாவோட பர்ரா சாசனம் சொல்றது இதைத்தான், முதல்ல முக்கியத்துவத்தை புரிஞ்சுக்கோ, அதுல இருந்து கொள்கையை உருவாக்கு, அதுக்கப்புறம் கை வை. பழைய ரிப்போர்ட், நில ஆவணம், வரைபடம், வான் படம், அங்க வாழறவங்களோட பேச்சு எல்லாத்தையும் சேத்து. ஆடு மேய்க்கறவருக்கு அந்த மேடு என்னன்னு கேக்காம எழுதின அறிக்கைக்கு நான் மார்க் போட மாட்டேன்.

ரெண்டாவது வருஷம் ஸ்டோர் ரூம். ஆமா, ஒரு வருஷம் முழுக்க. ஏற்கனவே யாரோ தோண்டி எடுத்து வச்ச பொருளை பெட்டி பெட்டியா பிரிச்சு, நோட்டோட ஒப்பிட்டு, எது எங்க இருந்து வந்துச்சுன்னு கண்டுபிடிச்சு, திரும்ப ஒழுங்கா பேக் பண்ணி, டேட்டாபேஸ்ல ஏத்தணும். ஒருத்தர் அவசரத்துல லேபிள் எழுதாம விட்டா வர்றவங்களுக்கு என்ன கஷ்டம்னு கையால உணர்ந்தவங்க அவங்க குழியில லேபிள் எழுதாம இருக்க மாட்டாங்க. களப் பயிற்சியும் இதே வருஷம்தான், ஆனா சின்னதா, கேள்வியோட, என்ன தெரிஞ்சுக்கணும், அதுக்கு எவ்வளவு குறைவா தோண்டினா போதும்னு முன்னாடியே எழுதி வாதாடி அனுமதி வாங்கினதுக்கப்புறம். மேற்பரப்பு சர்வே, தரை ஊடுருவும் ரேடார், காந்த அளவை மாதிரி தோண்டாம பாக்கற முறைகளுக்கு இங்கதான் இடம்.

மூணாவது வருஷம் அந்த இடத்து வழியா ஒரு கற்பனை ரோடு வரும். சிவில் இன்ஜினியரிங் பசங்க அவங்க பக்கம் இருந்து திட்டம் போடுவாங்க, சட்டம் படிக்கற பசங்க ரெண்டு பக்கத்துக்கும் இருப்பாங்க, நம்ம பசங்க பாதிப்பு மதிப்பீடு எழுதி ஒரு பொது விசாரணையில நின்னு பதில் சொல்லணும். முதுநிலையில முழு மேலாண்மை திட்டம், பட்ஜெட்டோட, கண்காணிப்பு அட்டவணையோட, பார்வையாளர் எண்ணிக்கை கூடினா என்ன செய்யறதுங்கற ஏற்பாட்டோட. பிரான்ஸ்ல ஆதிகால ஓவியங்கள் இருக்கற லஸ்கோ குகையை 1948ல மக்களுக்கு திறந்துட்டு, மூச்சுக்காத்தாலயும் வெளிச்சத்தாலயும் ஓவியங்கள் கெட ஆரம்பிச்சு 1963ல மூட வேண்டியதா போச்சு, திறக்கறதுக்கு முன்னாடி கேக்க வேண்டிய கேள்வியெல்லாம் என்னன்னு அவங்க எழுதணும்.

இதுக்கு வர்ற எதிர்ப்பு எனக்கு நல்லா தெரியும். நேரம் எங்க இருக்கு, அடிப்படை நீத்துப்போகும், மண்ணடுக்கு படிக்க தெரியாதவன் மேனேஜர் ஆயிடுவான். கடைசியா சொன்னதை நான் முழுசா ஒத்துக்கறேன், மண்ணடுக்கு படிக்க தெரியாத மேனேஜர் ஆபத்தானவர், அவருக்கு முன்னாடி இருக்கற முடிவோட கனமே அவருக்கு புரியாது. அதனாலதான் ஹெரிடேஜ் படிப்பை தனி டெபார்ட்மென்ட்டா பிரிச்சு வேற கட்டடத்துல வைக்கறதுல எனக்கு அவ்வளவு உடன்பாடு இல்ல. ஜெர்மனியில காட்பஸ்ல 1999ல இருந்து உலக மரபுக்குன்னே தனி முதுநிலை படிப்பு நடக்குது, பல நாட்டுல இருந்து, பல துறையில இருந்து வந்து படிக்கறாங்க, அதுக்கு ஒரு இடம் இருக்கு. ஆனா ஆஸ்திரேலியாவோட ஃபிளிண்டர்ஸ், தான்சானியாவோட தார் எஸ் சலாம் பல்கலைக்கழகங்கள் மாதிரி தொல்லியலும் மரபு மேலாண்மையும் ஒரே கூரைக்கு கீழ இருக்கற வழிதான் எனக்கு சரியா படுது. தோண்டறவனும் பாத்துக்கறவனும் வேற வேற ஆளா ஆயிட்டா, தோண்டறவனுக்கு பொறுப்பு இருக்காது, பாத்துக்கறவனுக்கு அறிவு இருக்காது.

யாரு சொல்லிக்குடுக்கறதுங்கற பிரச்சனையும் இருக்கு. முப்பது வருஷம் ஒரு கோட்டையை கட்டி காப்பாத்தின கன்சர்வேட்டருக்கு பிஎச்டி இருக்காது, அதனால அவரால வகுப்பெடுக்க முடியாது. உள்ள இருக்கற பேராசிரியர் ஒரு இடத்துக்கு நல்ல மேலாண்மை திட்டம் எழுதினா அது ஆராய்ச்சி கட்டுரையா கணக்குல வராது, பதவி உயர்வுக்கு உதவாது, அப்போ அவர் ஏன் எழுதப் போறாரு. மேலாண்மை திட்டத்தையும் ஒழுங்கா முடிச்ச அகழாய்வு அறிக்கையையும் கல்விப் பங்களிப்பா எண்ணணும், களத்துல இருந்து வர்றவங்களுக்கு ஒரு முறையான ஆசிரியர் இடம் வேணும். இந்த ரெண்டும் இல்லாம சிலபஸை மட்டும் மாத்தினா பேப்பர் பேர் மாறும், பாடம் மாறாது.

டேட்டா விஷயத்தை தனியா சொல்லணும். கட்டடத்துக்காக தோண்டி எழுதற ரிப்போர்ட்கள் நிறைய வெளியாகாமலே அலமாரியில கிடக்கும். பிரிட்டன்ல தொல்லியல் தரவுக்குன்னே ஒரு டிஜிட்டல் காப்பகம் 1996ல இருந்து யார்க் பல்கலைக்கழகத்துல இருக்கு, அந்த மாதிரி ஒண்ணு பல நாட்டுல இல்ல. இருந்தாலும் இல்லாட்டியும் மாணவரோட கள டேட்டாவை இன்னொருத்தர் திறந்து புரிஞ்சுக்க முடியுமான்னு சோதிச்சு அதுக்கு மார்க் போடலாம், அதுக்கு ஒரு பைசா செலவில்ல. ஒருத்தரோட ஃபோல்டரை இன்னொருத்தர்கிட்ட குடு, ஒரு வார்த்தை பேசாம அந்த குழியை திரும்ப வரையச் சொல்லு, வரைய முடிஞ்சா பாஸ்.

ஏற்கனவே வேலையில இருக்கறவங்களையும் விட்டுடக்கூடாது. லொசான் சாசனமே இந்த துறையில இருக்கறவங்களுக்கு அறிவை புதுப்பிச்சுக்க நேரம் ஒதுக்கணும்னு சொல்லுது. ரெண்டு வருஷ பட்டப்படிப்புக்கு அவங்களால வர முடியாது, ஆனா ஒரு வாரம் வர முடியும், அவங்க அலுவலகத்துல இப்போ மேஜையில கிடக்கற ஃபைலையே கொண்டு வரட்டும், அதை வச்சே பாடம் நடக்கட்டும், மாணவர்களும் கூட உக்காரட்டும். ரெண்டு பக்கமும் கத்துக்கும்.

இதெல்லாம் பெரிய பணம் இருந்தாதான் முடியும்னு காத்திருக்க வேண்டாம்னுதான் இதை எழுதறேன். புது கட்டடம் வேண்டாம், புது கருவி வேண்டாம். கிட்டத்தட்ட எல்லா தொல்லியல் டெபார்ட்மென்ட்லயும், தோண்டி முடிச்சு அறிக்கை எழுதாம விட்ட ஒரு பழைய அகழாய்வோட பெட்டிகள் ஏதாவது ஒரு மூலையில இருக்கும். அடுத்த செமஸ்டர் களப் பயிற்சிக்கு ஒதுக்கின வாரங்கள்ல பாதியை எடுத்து அந்த பெட்டிகளை ரெண்டாம் வருஷ மாணவர்கள்கிட்ட குடுங்க, கூட அந்த கால நோட்டுகளையும் குடுங்க, தோண்டினவர் இன்னும் இருந்தா அவரையும் வரச் சொல்லுங்க. அந்த அறிக்கை மாணவர்களோட பேர்ல வெளிய வரட்டும். இப்படி ஏற்கனவே செஞ்சுட்டு இருக்கற ஆசிரியர்கள் யாராவது இதை படிச்சா உங்க பாடத்திட்டத்தை எனக்கு அனுப்புங்க, நானும் என்னோடதை அனுப்பறேன்.